மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு: வேலூர்ப் பக்கம் வருஷம் முழுக்கப் படம் எடுப்பது எப்படி

வேலூரைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று போகும். (பெண்களைப் பற்றியும் அதில் ஒரு வரி வரும். சேர்த்தவன் கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் சேர்த்தானா என்று கேட்கத் தோன்றும்.) சாமி விஷயம் 1981-லேயே தீர்ந்தது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மற்றவை அப்படியே இருக்கின்றன. கேமரா வைத்திருப்பவனுக்கு அந்த மற்றவைதான் சொத்து. மரம் மூடாத மலையில்தான் சாய்வெயில் பாறையின் மடிப்பையெல்லாம் எடுத்துக் காட்டும். தண்ணீர் ஓடாத ஆற்றில்தான் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், திருவிழாவே நடக்கும்.

நான் காட்பாடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஒன்பதரைக்குக் கடை ஷட்டரைத் தூக்கியாக வேண்டும், அதற்கு முன்னால்தான் கேமரா ஷட்டர். அதனால் இங்கே சொல்வதெல்லாம் வேலைக்குப் போகிற ஆளுக்கு, ஒரு ஸ்கூட்டரும் விடிகாலை மூன்று மணி நேரமும் கையில் இருப்பவருக்கு. படத்தைப் பார்த்ததும் “ஏலகிரியா, ஜவ்வாது மலையா?” என்று கேட்கிறார்கள். முக்கால்வாசிப் படங்கள் பாலாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எடுத்தவை. இடத்தைத் தேடி அலைய வேண்டாம். ஏழெட்டு இடங்களை வைத்துக்கொண்டு, எந்த மாசத்தில் எதற்குப் போவது என்று தெரிந்துகொண்டால் போதும்.

சாமான்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்று, அதோடு வருகிற 18-55 மி.மீ. லென்ஸ், பறவைக்காக, தூரத்தைக் கிட்டே இழுக்கிற 55-250 அல்லது 70-300. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் லென்ஸுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனில் மட்டும் எடுப்பவர்களும் கீழே சொல்வதில் பாதியைச் செய்யலாம். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டவும், பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கீழே இழுத்து இருட்டாக்கவும் தெரிந்தால் சரி.

ஐப்பசியில் ஈரம் ஏறும்போது கேமராவைப் பையில் வைக்காதீர்கள், பை ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிகா ஜெல். மாத்திரை டப்பாவில் வருகிற குட்டிப் பொட்டலம் எங்கள் கடையில் குவியலாகக் கிடக்கும். ஆனால் அது பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்தது. நிறம் மாறுகிற மணி வகையைத் தனியாக வாங்குங்கள், நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பித் தர வேண்டாம்.

ஆற்று மணலில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றாதீர்கள். எந்த லென்ஸ் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெயில் எங்கே விழுகிறது

இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கோட்டைக்குக் கிழக்கே மலைகள். அதனால் காலையில் சூரியன் உதித்த பிறகும் ஊருக்குள் வெயில் வரத் தாமதமாகும், வரும்போது கொஞ்சம் முரட்டுத்தனமாகவே வரும். விடிகாலைப் பொன்வெயில் வேண்டுமென்றால் ஊருக்குள் நிற்காமல் ஆற்றுக்கோ ஏரிக்கரைக்கோ போங்கள். கோட்டைக்குச் சாயங்காலம்தான் சரி. நாலரைக்கு மேல் மேற்கு வெயில் அந்த மலைகளின் முகத்தில் நேராக விழும், பாறை செம்பு நிறமாகும், அகழியில் தண்ணீர் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒரே படத்தில் வரும். மழை பெய்து தூசி அடங்கிய மறுநாள் போனால் மலை இரண்டு மடங்கு பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி தெரியும்.

பாலாறு மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது, பாலம் தெற்கு வடக்காக இருக்கிறது. ஆகவே பாலத்தில் நின்றால் காலையில் ஒரு பக்கம் உதயம், மாலையில் மறுபக்கம் அஸ்தமனம். பங்குனி தொடக்கத்திலும் புரட்டாசி தொடக்கத்திலும் சூரியன் நேர்கிழக்கில் எழும்பும். அந்த நாட்களில் ஆற்றின் போக்கை ஒட்டி வெளிச்சம் நீளமாக ஓடி வரும், தேங்கிய குட்டையெல்லாம் பளபளக்கும். மார்கழியில் உதயம் தென்கிழக்கே தள்ளிப் போயிருக்கும், ஆனியில் வடகிழக்கே. மே கடைசியில் ஐந்தே முக்காலுக்கு உதயம், ஜனவரி கடைசியில் ஆறு நாற்பது. தினசரி காலண்டர் தாளில் நல்ல நேரம் பார்ப்பவர்கள் அந்தச் சாக்கில் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நிழல் எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விரிஞ்சிபுரம் போங்கள். மதிலழகு என்று பேர் வாங்கிய மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அதன் பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழுகிற கோடு நேரத்தைச் சொல்லும். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நம் ஊரில் நடுப்பகல் பன்னிரண்டே கால் வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது. அந்த வேளையில் மனிதர்களைப் படம் எடுத்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் குழிதான் இருக்கும். சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

ஆனி, ஆடி, ஆவணி

என் கணக்கில் வருஷம் முதல் கோடை மழையோடு தொடங்குகிறது. மழை விட்ட மறுநாள் காலை, செம்மண் தரையில் தம்பலப்பூச்சி வந்திருக்கும். குங்குமச் சிவப்பு, வெல்வெட் மேல்தோல். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து, போனாக இருந்தால் தலைகீழாகப் பிடித்து லென்ஸ் மண்ணைத் தொடுகிற மாதிரி எடுங்கள். மேலே நின்று எடுத்தால் வெறும் சிவப்புப் பொட்டுதான் கிடைக்கும். வெளிச்சத்தை ஒரு படி, அதாவது பாதியாக, குறையுங்கள், இல்லையென்றால் அந்தச் சிவப்பு கலங்கிப் போய் ரோமம் தெரியாது.

அப்புறம் தூக்கணாங்குருவி. இதற்காக ஒரு வருஷம் முழுக்கக் காத்திருக்கலாம். நம் பக்கத்துப் பெரிய பாசனக் கிணறுகளில் விளிம்பிலிருந்து உள்பக்கம் சாய்ந்த முள்மரமோ தென்னையோ இருந்தால், அதில் கூடுகள் கிணற்றுக்குள் தொங்கும். பனைமரத்துக் கூட்டை அண்ணாந்து எடுத்தால் வயிறும் வெள்ளை வானமும்தான் வரும். கிணற்றுக் கூடு உங்கள் கண் மட்டத்தில் இருக்கும், பின்னால் கிணற்றின் இருட்டு. மஞ்சள் தலை அந்த இருட்டில் எப்படி நிற்கும் என்று எழுதிக் காட்ட முடியாது.

ஆண் குருவி நெல் தாளையோ ஓலையையோ ஓரத்தில் ஒரு வெட்டு வெட்டி, கவ்விக்கொண்டு பறக்கும், நீளமாக ஒரே நார் கிழிந்து வரும். அதைக் கொண்டுவந்து முடிச்சுப் போட்டுப் பின்னும். கூடு பாதி முடிந்து, கவிழ்த்த தொப்பி மாதிரி இருக்கிற கட்டத்தில்தான் நல்ல படங்கள் கிடைக்கும். அப்போதுதான் பெண் குருவி வந்து பார்க்கும். உள்ளே நுழைந்து நாரை இழுத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லையென்றால் போய்விடும். ஆண் வெளியே இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு தொங்கும். பிடித்திருந்தால் மட்டும் மிச்சக் கூடு முடியும், நீளக் குழாய் வாசலும் வரும். உள்ளே களிமண் உருண்டைகூட அப்பி வைத்திருக்கும். கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான் இருக்கும், தென்மேற்குக் காற்று அடிக்காத பக்கம். நமக்கும் அதனால் காலை வெயில் நேராகக் கிடைக்கும்.

ஷட்டர் வேகம் 1/1250 நொடிக்குக் குறையாமல், அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 6.3, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணர்கிற அளவு) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பு 1600. மஞ்சள் தலைக்காக எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) முக்கால் படி இறக்குங்கள். ஒரு கூட்டைத் தேர்ந்தெடுத்து அதிலேயே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள், பறந்து போகிற குருவியைத் துரத்தினால் ஒன்றும் கிடைக்காது. நிலத்துக்காரரிடம் கேட்காமல் கிணற்றடிக்குப் போகக் கூடாது. கிணறு சுவர் இல்லாத மொட்டைக் கிணறாக இருக்கும், பின்னால் நகரும்போது காலடியைப் பாருங்கள். கூட்டை மறைக்கிற ஓலையை ஒடிக்கவே கூடாது, அந்த மறைப்பு காக்கை கண்ணில் படாமல் இருக்கத்தான்.

ஆடி ஆவணிச் சாயங்காலங்களில் மேற்கே இடி கட்டும். மின்னல் வேண்டுமென்றால் மொட்டை மாடி வேண்டாம், ஜன்னலுக்குள்ளேயே ஸ்டாண்டைப் போடுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, பத்து நொடி, இருட்டின பிறகு. தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே இருந்தால் ஏதோ ஒன்றில் விழும்.

ஐப்பசி, கார்த்திகை

மழைக்காலத்தில் எல்லாரும் பாலாற்றில் தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது ஊரே பாலத்தின் மேல் நின்றது. அந்த மாதிரி நாளில் தண்ணீரை எடுப்பதைவிடத் தண்ணீரைப் பார்க்கிற முகங்களை எடுங்கள். ஆறு ஓடி நான் பார்த்ததே இல்லை என்று பேத்தியைத் தூக்கிக்காட்டுகிற தாத்தாக்கள் எங்கள் ஊரில்தான் இருப்பார்கள். வெள்ளத்தின் போது ஆற்றுக்குள் இறங்குகிற வேலை வேண்டாம். தண்ணீர் வடிந்த பிறகும் மணல் அள்ளிய குழிகள் வெளியே தெரியாமல் நிரம்பி இருக்கும்.

கேமராவுக்கு மழைக்கோட்டு வாங்க வேண்டாம். பத்து ரூபாய் ஷவர் கேப் ஒன்று போதும்.

ஏரிகள் நிரம்பினால் காவேரிப்பாக்கம் போகலாம், வாலாஜாவைத் தாண்டி. பல்லவர் காலத்து ஏரி, கரையில் நின்றால் அக்கரை தெரியாது. அங்கே 250 மி.மீ. லென்ஸ் போதாது, அதனால் பறவையைப் பெரிதாக எடுக்க முயற்சிக்காமல் ஏரியில் பறவை எவ்வளவு சின்னது என்று எடுங்கள். வெள்ளைக் கொக்குக்கு ஒரு படி இறக்கவும், நீர்க்காகத்துக்கு முக்கால் படி ஏற்றவும். உங்கள் ஊர்ச் சின்ன ஏரியிலும் மீன்கொத்தி ஒரே கம்பத்தில் வந்து உட்காரும், உள்ளானும் வாலாட்டியும் சேற்றில் நடக்கும்.

மார்கழி, தை, மாசி

மார்கழிக் கோலத்தை எல்லாரும் மேலிருந்து எடுக்கிறார்கள். கோலம் போடுகிறவரின் விரலிடுக்கில் மாவு விழுகிற இடத்தை எடுங்கள். தெருவிளக்கு வெளிச்சம், 1/60, ஐஎஸ்ஓ 3200. அத்தனை காலையில் தெருவில் ஒரு ஆண் கேமராவோடு நின்றால் யாருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். சொந்தத் தெருவில், தெரிந்த வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள், என் தெருவில் நான் எடுப்பது என் அக்கா போடுகிற கோலம் மட்டும்.

தை பிறந்ததும் மாடு விடும் விழாக்கள் தொடங்கிவிடும். மதுரைப் பக்கம் மாதிரி மாட்டை அணைவது இல்லை, தெருவில் ஓடவிட்டு எத்தனை நொடியில் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பது. தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். மாடு உங்களை நோக்கி வரும்போது 1/1000. பக்கவாட்டில் போகும்போது 1/60 வைத்து மாட்டோடு சேர்ந்து கேமராவையும் திருப்புங்கள், கூட்டம் கரைந்து மாடு மட்டும் நிற்கும். பத்தில் ஒன்பது வீணாகும், பரவாயில்லை. ஓடுவதற்கு முன்னால் கொம்புக்குப் பலூன் கட்டி, கழுத்துக்கு மாலை போட்டு, காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிற சொந்தக்காரரை மறக்காதீர்கள்.

சிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை. அங்காளம்மன் தேர் வரும், காளி வேஷம் கட்டியவர்கள் வருவார்கள், காய்கறி, தானியம், சில்லறை எல்லாம் சூறைவிடுவார்கள். மதியம் மூன்று மணிக்கே போய் மேற்குப் பக்கம் ஒரு மேட்டைப் பிடியுங்கள், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். புழுதி கிளம்பிய பிறகு எதிர்ப்பக்கம் போய் வெயிலைப் பார்த்து எடுங்கள், புழுதியே பொன்னாகும். அருள் வந்தவர்கள் முகத்துக்கு நேராக ஃபிளாஷ் அடிப்பது எனக்குப் பிடிக்காது, ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை

புங்கமரம் இலையுதிர்ந்து, ஒரே வாரத்தில் மினுங்குகிற இளம்பச்சைக்கு மாறும். அடியில் நின்று வெயிலைப் பார்த்து எடுத்தால் இலை விளக்கேற்றியது போல் தெரியும். அப்புறம் வேப்பம்பூ, சரக்கொன்றை. ரோட்டோரப் புளியமரங்களில் மேலே ஆள் ஏறி உலுக்க, கீழே பெண்கள் சேலையை விரித்துப் பொறுக்குவார்கள். மரத்துக்கு மேலே இருப்பவரையும் கீழே இருப்பவரையும் ஒரே படத்தில் கொண்டுவர 18 மி.மீ.யில் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும்.

மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் நாற்பது டிகிரிக்கு மேல் போகும். ஒன்பது மணிக்கு மேல் நீள லென்ஸை எடுக்காதீர்கள், கானல் அலையில் ஒரு படமும் கூர்மையாக வராது. ஸ்கூட்டர் டிக்கியில் கேமராவை விடாதீர்கள். இந்த ஒரு மாசம் நிழலுக்குள் வேலை செய்யுங்கள். திண்ணையில் பீடி சுற்றுகிற அக்காக்கள், தறிக்கூடத்துக் கூரை ஓட்டை வழியாக விழுகிற வெயில் கம்பி, நுங்கு சீவுகிறவரின் கை. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் வெளிறிப்போன வானம் தொல்லை தராது. வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கூட்டத்தில் நசுங்க வேண்டாமென்றால் ஒரு மாடி வீட்டுக்காரரை முன்கூட்டியே சிநேகம் பிடித்து வையுங்கள்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை

எந்த மாசமானாலும் போகக்கூடிய இடம் பொய்கை மாட்டுச் சந்தை. பெங்களூர் ரோட்டில், செவ்வாய்தோறும். வெளிச்சம் வருவதற்கு முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவதுதான் கணக்கு. வெளியே முகம் கல்லாட்டம் இருக்கும், துண்டு மட்டும் லேசாக அசையும். அந்தத் துண்டையும், பக்கத்தில் நிற்கிற தரகர் வேறெங்கோ பார்க்கிற மாதிரி பார்ப்பதையும் ஒன்றாக எடுங்கள். 35 மி.மீ., எஃப் 5, 1/250, முழங்கால் போட்டு மாட்டின் கண் மட்டத்தில்.

போன உடனே கேமராவைத் தூக்காதீர்கள். ஒரு டீ குடியுங்கள், மாடு என்ன விலை என்று கேளுங்கள். “அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பெரியவர்களாக இருந்தால் “இன்னா நைனா, பேப்பர்ல வருமா?” என்று கேட்பார்கள். வராது என்று உண்மையைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தூர நின்று திருட்டுத்தனமாக எடுக்கக் கூடாது. அடுத்த வாரம் பிரிண்டோடு போய் நின்றால் பிறகு அந்தச் சந்தை முழுக்க உங்களுக்குத் திறந்த வீடு.

போகிற வழியில் உழவர் சந்தையில் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயும் பாருங்கள், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் தொப்பியிலும் இருக்கிற முள்ளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் போனிலேயே நெருக்கமாக எடுக்கலாம், எடுத்துவிட்டு அரைக் கிலோ வாங்கிக்கொண்டால் கடைக்காரம்மாவும் திட்ட மாட்டார்.

மிச்சம் சில

கோட்டை தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது, ஸ்டாண்டு வைத்து எடுக்க அனுமதி தேவை. கோயில் கருவறைப் பக்கம் கேமராவை நீட்டக் கூடாது. பேரணாம்பட்டுக் காட்டுப் பக்கம் யானை வரும், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

படங்களைத் தேதிவாரியாகப் போட்டால் பிறகு தேட முடியாது. நான் தமிழ் மாசத்தின் பேரில் ஃபோல்டர் வைத்து, உள்ளே இடத்தின் பேர் போடுகிறேன். அடுத்த வருஷம் ஆனி வந்ததும் போன ஆனி ஃபோல்டரைத் திறந்தால் எந்தக் கிணறு, எத்தனை மணி என்பது தெரிந்துவிடும். அன்றைக்கே உட்கார்ந்து கழித்துவிடுங்கள், ஒரு காலைக்கு ஐந்து படம் மிஞ்சினால் அதிகம். இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஸ்டூடியோவில் பிரிண்ட் போடும்போது மேட் பேப்பர் கேளுங்கள். சந்தைக்காரர்கள் வாங்கியதும் சட்டைப் பையில் செருகுவார்கள், பளபளா பேப்பரில் வியர்வைக் கையின் ரேகை அப்படியே படிந்துவிடும்.